பிரதியின் தூய்மையும் எமது கடமையும்

(இந்து வாலிபர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பது பழமொழி. ஓலையிலிருந்து ஓலைக்கு நூலைப் பெயர்த்தெழுதிய காலத்தில், பெயர்த்தெழுதுந்தோறும் பிழைகள் புதிதாகப் புகுந்தன. ஓலை போய்க் காகிதம் வந்தது. காகிதத்தின் பக்கத்திலே கணினி வந்து அமர்ந்தது. ஆயினும், "எம் கையிலுள்ள பிரதி ஆக்கியோன் தந்த பிரதிதானா?" என்ற பழைய கேள்வி மட்டும் மாறவில்லை. அந்தக் கேள்வியைப் பற்றியே இன்று சிறிது நேரம் பேசப் புகுகின்றோம்.

வங்கியிலும் வைத்தியசாலையிலும் பாடசாலையிலும் இன்று இயங்கும் மென்பொருள்கள் யாவும் பிரதிகளே. எங்கோ ஒருவர் எழுதுகிறார். இன்னொருவர் அதைப் பொதியாகக் கட்டுகிறார். மூன்றாமவர் ஒரு சேவையகத்தில் வைக்கிறார். நாம் இணையத்தின் வழியே அதைத் தரவிறக்குகின்றோம். சிறியதொரு மென்பொருளை ஆக்குவதற்குங்கூடப் பிறர் எழுதிய பொதிகள் பத்தும் நூறும் வேண்டியிருக்கின்றன. அவற்றுள் ஒன்றில் வழியிடையே யாரேனும் கைவைத்திருந்தால், அது எம் கண்ணுக்குத் தெரியப்போவதில்லை. ஏட்டில் ஓரெழுத்துப் பிழைத்தாற் பாட்டின் பொருள் கெடும். மென்பொருளில் ஓரிடத்திற் பொல்லாங்கு புகுந்தாலோ, அதனை நம்பியிருப்போரின் பணமும் இரகசியமும் பறிபோகும்.

இதற்குக் காவலாக அறிஞர் அமைத்த கருவியே சரிபார்ப்புத் தொகை. மென்பொருளாளர் இதனைச் செக்சம் என்றும் ஹாஷ் என்றும் வழங்குவர். கோப்பிலுள்ள ஒவ்வொரு குறியையும் ஒரு கணித விதிக்குட் செலுத்தி, முடிவிலே அளவிற் சிறிய ஒரு விடையைப் பெறுவது அதன் இயல்பு. இன்று பெரிதும் வழங்கும் ஷா-256 என்னும் விதியைக் கொண்டால், கோப்பு ஒரு வரியாயினும் ஒரு நூலகமாயினும் விடை 64 குறிகளாகவே எழுதப்படும். அந்த நூலகம் முழுவதிலும் ஒரேயொரு காற்புள்ளியை மாற்றினாலும் விடை அடியோடு உருமாறிவிடும். ஒரே விடையைத் தரும் இரு வேறு கோப்புகளைச் செய்துகாட்ட இந்த விதியில் இதுவரை எவராலும் இயலவில்லை. முன்னே வழங்கிய எம்.டி.5 என்னும் விதி 2004-ம் ஆண்டிலும், ஷா-1 என்னும் விதி 2017-ம் ஆண்டிலும் ஆராய்ச்சியாளரால் அவ்வாறு உடைக்கப்பட்டன. ஆகையால் கள்வருக்கு எதிரான காவலாக அவ்விரண்டையும் நம்புதல் இன்று தகாது.

இது முற்றிலும் புதிய எண்ணம் என்று கருத வேண்டா. எபிரேய வேதத்தைப் பிரதிசெய்த மசோரெத்தியர் என்னும் அறிஞர் சொற்களையும் எழுத்துக்களையும் எண்ணிக் குறித்து வைத்தனர் என்பது மிசன் பாடசாலையின் வேதாகம வகுப்பில் நாம் கேட்ட செய்தி. வீட்டுக்கு வந்து தேவாரத்தைத் திறந்தால், அங்கேயும் ஒரு காவல் இருக்கக் காண்கின்றோம். திருஞானசம்பந்தர் பதிகங்களிலே பெரும்பாலும் எட்டாம் பாட்டு இராவணனைச் சொல்லும். ஒன்பதாம் பாட்டு அயனும் மாலும் அடிமுடி தேடியதைச் சொல்லும். பத்தாம் பாட்டு சமணரையும் சாக்கியரையும் சொல்லும். பதினொராம் பாட்டுத் திருக்கடைக்காப்பாக அமையும். இராவணன் வராமல் அயனும் மாலும் வந்துவிட்டால், இடையிலே ஒரு பாட்டு விழுந்துவிட்டதென்று ஓதுவார் உடனே அறிவார். அந்தாதி என்னும் பிரபந்தத்திலே ஒரு பாட்டின் ஈறு அடுத்த பாட்டின் முதலாகும். ஓர் ஏடு தொலைந்தால் தொடர் அறுந்து, தொலைந்த இடம் தானே வெளிப்படும். வேதியர் வேதத்தைப் பதம், கிரமம், ஜடை, கனம் எனப் பலவாறு மாற்றிக் கூட்டி ஓதியதும் ஓரசையேனும் பிசகாமற் காப்பதற்கே உதவியது.

ஆனால், காவல் இருப்பது ஒன்று. காவற்காரன் கூவும்போது நாம் என்ன செய்வோம் என்பது வேறொன்று. எமது பேச்சின் மையம் இங்கேதான் இருக்கின்றது.

மென்பொருள் ஆக்குவோர் தமது திட்டத்திலே, "இன்ன பொதி, இன்ன பதிப்பு, அதன் தொகை இது" என்று எழுதி வைப்பர். கணினி அப்பொதியைத் தரவிறக்குந்தோறும் தொகையைக் கணித்து ஒப்பிடும். ஒத்தால் மேலே செல்லும். ஒவ்வாவிடின் வேலையை நிறுத்தும். நேற்றுவரை ஒத்திருந்த தொகை இன்று காலையில் ஒவ்வாமற் போயிற்று என்று வைத்துக்கொள்வோம். பதிப்பின் பெயர் அதுவே, முகவரியும் அதுவே, தொகை மட்டும் வேறு. வேலையை முடித்துக் கொடுக்க வேண்டிய நாளோ இன்றுதான். இப்பொழுது பலர் செய்வது யாது? பழைய தொகையை அழித்துவிட்டுப் புதியதை எழுதுகின்றனர்; அல்லது ஒப்பிடும் கட்டளையையே நீக்கிவிடுகின்றனர். படலையிற் கட்டிய மணி அடித்தால், எழுந்து போய்ப் பாராமல் மணியைக் கழற்றி வைப்பதற்கு இது ஒப்பாகும்.

மணி எதனால் அடிக்கின்றது என்பதற்கு அண்மைக்காலத்து வரலாறு இரண்டு சொல்வோம்.

முதலாவது, உலகின் மென்பொருளாளர் பலர் தம் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் தளத்தில் நிகழ்ந்தது. 2023-ம் ஆண்டு சனவரி 30-ந் திகதி அத்தளத்தார் தமது கருவியொன்றைப் புதுப்பித்தனர். நிரல்களைச் சுருக்கிப் பொதியாக்கும் முறை அதனாற் சிறிது வேறுபட்டது. பொதியை அவிழ்த்தால் உள்ளே இருந்த கோப்புகள் ஓரெழுத்தும் மாறவில்லை. ஆயினும் கட்டிய கட்டு மாறியதால் தொகைகள் மாறின. உலகெங்கும் பல திட்டங்களின் வேலை அன்று தடைப்பட்டது. சில மணி நேரத்தினுள் கிட்ஹப் பழைய முறைக்கே திரும்பியது. கள்வன் எவனும் அங்கு வரவில்லை. மணியை அசைத்தது காற்று.

இரண்டாவது, அதற்கு இரண்டாண்டு முன்னே கோட்கவ் என்னும் அமெரிக்க நிறுவனத்தில் நிகழ்ந்தது. அந்நிறுவனம் வழங்கிய ஒரு சிறு நிரலைப் பல நிறுவனங்கள் தம் வேலையின்போது நாள்தோறும் தரவிறக்கி இயக்கி வந்தன. 2021-ம் ஆண்டு சனவரி 31 முதல் அந்நிரலை ஒருவர் களவாக மாற்றினார். அதனை இயக்கிய கணினிகளிலுள்ள இரகசியச் சாவிகளை வேறிடத்துக்கு அனுப்பக்கூடிய வகையில் அது திருத்தப்பட்டிருந்தது. ஏறக்குறைய இரண்டு மாதம் இது எவருக்கும் தெரியவில்லை. ஏப்ரல் 1-ந் திகதி வாடிக்கையாளர் ஒருவர், தாம் தரவிறக்கிய நிரலின் தொகை, கிட்ஹப்பில் வெளியிடப்பட்டிருந்த தொகையோடு ஒவ்வாமையைக் கண்டு நிறுவனத்துக்கு அறிவித்தார். களவு வெளிப்பட்டது. ஒப்பிட்டுப் பார்த்தவர் ஒருவர் இருந்தார். ஒவ்வாமையைக் கண்டபின் அதனைத் தட்டிக் கழிக்காமற் கேட்டார். அந்த ஒருவர் வருவதற்கு இரண்டு மாதம் சென்றது என்பதே இவ்வரலாற்றில் நெஞ்சை உறுத்துவது.

ஒரே மணி. ஒருமுறை காற்று; மறுமுறை கள்வன். தொகை மாறியது என்பதை மட்டும் கொண்டு இன்னது என்று தீர்மானித்தல் எவராலும் இயலாது.

எம் தாய்மொழியிலேயே இதனைக் கண்கூடாகக் காணலாம். கணினியிலே 'கொ' என்னும் எழுத்தை இருவகையாகச் சேமிக்க இடமுண்டு. ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒரு வகை. ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாகச் சேர்ப்பது மற்றொரு வகை. இன்று பரவலாக வழங்கும் யு.டி.எவ்.-8 என்னும் முறையில் முதலாவது ஆறு பைட் இடமும், இரண்டாவது ஒன்பது பைட் இடமும் கொள்ளும். யுனிகோட் விதிப்படி இரண்டும் ஒன்றே, திரையிலும் ஒன்றாகவே தோன்றும், தொகைகளோ வேறு. இஃது தீங்கற்ற வேறுபாடு. இனி, 'கௌரி' என்று எழுத வேண்டிய இடத்தில், ஒற்றைக் கொம்பிட்ட ககரத்தின் பின் ளகரத்தைச் சேர்த்து 'கெளரி' என்று அச்சிடுவாரைக் காண்கின்றோம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். கணினிக்கு இரண்டாவது அம்பிகையின் நாமம் அன்று. பொருளற்ற வேறொரு சொல். அந்நாமத்தை அகராதியிலோ நூலகப் பட்டியலிலோ தேடினால் அகப்படாது. இஃது உண்மைப் பிழை. இவ்விரண்டு இடத்திலும் சரிபார்ப்புத் தொகை ஒரே குரலிற் கூவும். எது தீங்கற்றது, எது பிழை என்று பகுத்தறிவது மனிதன் கடமை.

இக்கடமையைச் செய்யும் முறையை நாம் புதிதாகத் தேடிப் போக வேண்டியதில்லை. சிறுப்பிட்டியிற் பிறந்து வட்டுக்கோட்டைச் செமினரியிற் பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1881-ம் ஆண்டில் வீரசோழியத்தையும், 1885-ம் ஆண்டில் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும், 1887-ம் ஆண்டிற் கலித்தொகையையும் அச்சிற் பதிப்பித்தார். செல்லரித்த ஏடுகளைப் பல இடங்களிலிருந்தும் தேடி எடுத்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாடம் தெளிந்தது அவர் செய்த பணி. பாடம் வேறுபட்ட இடத்திலே ஏட்டையே வீசுபவன் பதிப்பாசிரியன் ஆகான். ஒருவருக்கும் சொல்லாமல் தனக்குப் பிடித்த பாடத்தை நுழைப்பவனும் ஆகான். ஏன் வேறுபட்டது என்று வினவி, வேறு ஏட்டைச் சாட்சிக்கு அழைத்து, முடிவையும் அதன் காரணத்தையும் குறித்து வைப்பவனே பதிப்பாசிரியன். தொகை மாறிய பொதியின் முன்னே இருக்கும் இளைஞனும் ஒரு பதிப்பாசிரியனே.

அவன் செய்யத்தக்கனவற்றை முறையாகச் சொல்வோம்.

முதலாவது, கோப்பின் பருமனைப் பார்த்தல். இணைப்பு இடையில் அறுந்து பாதிக் கோப்பே வந்திருக்கக் கூடும். விடுதிகளிலும் நிலையங்களிலும் உள்ள வை-பை இணைப்பு, கடவுச்சொல் கேட்கும் பக்கத்தையே கோப்பின் பெயரில் இறக்கிவிடுவதும் உண்டு. இன்னொரு முறை, இயலுமாயின் வேறோர் இணைப்பில் தரவிறக்கினால் இவை தெளிந்துவிடும்.

இரண்டாவது, வெளியிட்டோர் அறிவித்தல் ஏதும் தந்திருக்கிறார்களா என்று பார்த்தல். சிலர் வெளியிட்ட பின் சிறு பிழை கண்டு, அதே பெயரிலேயே கோப்பை மாற்றி வைத்துவிடுகின்றனர்.

மூன்றாவது, பழைய பிரதியையும் புதிய பிரதியையும் அவிழ்த்து உள்ளே இருப்பதை ஒப்பிடுதல். இதுவே முக்கியமானது. உள்ளே யாவும் ஒத்திருந்தால் மாறியது கட்டு மட்டுமே. ஒவ்வாவிடின், மாறிய வரிகளை வாசித்துப் பார்த்தல் வேண்டும். ஒப்பிடும்வரை உள்ளே இருக்கும் எதனையும் இயக்கலாகாது. இதற்குப் பழைய பிரதி எம் கையில் இருக்க வேண்டும். ஒப்பிட இன்னொரு பிரதி இல்லாதவிடத்துச் சரிபார்த்தல் இல்லை. 1981-ம் ஆண்டு யாழ்ப்பாணப் பொதுசன நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்களோடு அரிய ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. இருந்த ஒரு பிரதியும் போனபின் எதனோடு எதனை ஒப்பிடுவது என்ற துயரை விளங்கிக்கொள்ள இவ்வூராருக்குப் பிறர் போதிக்க வேண்டியதில்லை.

நான்காவது, வேறு சாட்சியைக் கேட்டல். கோப்பு வந்த இடத்திலிருந்தே தொகையையும் எடுத்துக்கொண்டால், கள்வன் கையிலேயே திறப்பைக் கொடுத்ததாகும். 2016-ம் ஆண்டு பெப்ரவரி 20-ந் திகதி லினக்ஸ் மின்ட் என்னும் இயங்குதளத்தின் இணையத்தளத்துட் சிலர் புகுந்து, தரவிறக்க இணைப்பைத் தாம் கெடுத்த கோப்புக்குத் திருப்பினர். பக்கத்திலிருந்த தொகையையும் மாற்றியதாக அப்பொழுது செய்தி வெளியாயிற்று. ஆகையால் வெளியிட்டோரின் இலத்திரனியற் கையொப்பம், மற்றொரு தளத்திலுள்ள பிரதி, முன்னரே தரவிறக்கிய நண்பர் கணித்த தொகை என்று தனித்தனி வழியில் வந்த சாட்சிகளை ஒத்துப் பார்த்தல் வேண்டும்.

ஐந்தாவது, தொகையை மாற்றுவதாயின் காரணத்தை எழுதி மாற்றுதல். இன்ன திகதியில், இன்ன காரணத்தால், இன்னார் ஒப்பிட்டு மாற்றினார் என்ற ஒரு வரி போதும். காரணம் விளங்காதவரை பழைய பிரதியோடு வேலையை நடத்துவதே நன்று. ஒரு நாள் தாமதித்தால் வசை ஒன்று கேட்க நேரும். ஒரு கெட்ட பொதி உள்ளே புகுந்தால் அதனைப் பயன்படுத்தும் ஊர் முழுவதும் நட்டப்படும்.

இனி ஒரு நியாயமான ஐயத்துக்கு விடை கூறல் வேண்டும். தொகை ஒத்துவிட்டால் அந்த மென்பொருள் நல்லது என்று கொள்ளலாமா? கொள்ளலாகாது. 2024-ம் ஆண்டு மார்ச் 29-ந் திகதி ஆண்ட்ரஸ் பிராய்ண்ட் என்னும் பொறியியலாளர், எக்ஸ்.இசட். என்னும் சுருக்கற் பொதியில் ஒரு கள்ள வாசல் இருப்பதை உலகுக்கு அறிவித்தார். தமது கணினிக்குட் புகும்போது ஏறக்குறைய அரை விநாடி கூடுதலாகச் செல்வதைக் கண்டு, ஏனென்று துருவியபோது அது வெளிப்பட்டது. 5.6.0, 5.6.1 என்னும் இரண்டு பதிப்புகளிலும் அது இருந்தது. அதனை வைத்தவர், நெடுநாள் உழைத்து நம்பிக்கை பெற்று, பொதியைப் பராமரிப்போருள் ஒருவராகிவிட்டவர். வெளியிட்டவரே கள்ளராயின் தொகையும் ஒக்கும், கையொப்பமும் ஒக்கும். ஆயினும் ஒப்பிட்டுப் பார்த்திருந்தால் அங்கேயும் ஒரு தடயம் இருந்தது. எல்லாரும் காணக்கூடிய நிரற் சேமிப்பில் இல்லாத ஒரு பகுதி, வெளியிட்ட பொதியில் மட்டும் இருந்தது. சரிபார்ப்புத் தொகை "இது அதுவே" என்று சொல்லும். "அது நல்லது" என்று ஒருபோதும் சொல்லாது. இதனாலேதான், நிரலிலிருந்து எவர் கட்டினாலும் ஒரே பொதி, ஒரே தொகை கிடைக்கும்படி செய்யும் முயற்சியில் டெபியன் முதலான திட்டங்கள் ஈடுபட்டிருக்கின்றன. கட்டிய நேரமும் கோப்புகளின் வரிசையும் பொதியிற் பதிவதால் தொகைகள் வேறாகின்றன. அவற்றை ஒழுங்குபடுத்திவிட்டால், வெளியிட்டவர் சொல்லை மட்டும் நம்பாமல் நாமே கட்டிப் பார்த்து ஒப்பிடலாம்.

மென்பொருளை வெளியிடுவோராக எம்முட் சிலர் வரப்போகின்றனர். அவர்களுக்கும் ஒரு சொல். ஒருமுறை வெளியிட்ட கோப்பை அதே பெயரில் மாற்றாதீர்கள். நல்ல அச்சகத்தார் பிழை திருத்தினால் "திருத்திய பதிப்பு" என்று முகப்பிலே போடுவர். மென்பொருளுக்கும் அதுவே தருமம். ஓரெழுத்தைத் திருத்தினாலும் பதிப்பெண்ணைக் கூட்டுங்கள். தாமே கட்டிய பொதியைத் தொகையோடும் கையொப்பத்தோடும் வெளியிடுங்கள். பெயர் மாறாமற் பொருள் மாறுவது, காற்றால் அடிக்கும் மணிக்கு மக்களைப் பழக்கிவிடும். பழகிய காதிற் கள்வன் அசைத்த மணியும் ஏறாது.

கடைசியாக எம்மூர் இளைஞருக்குப் பயன்படும் ஒன்று. பெரிய இயங்குதளக் கோப்பைக் கைத்தொலைபேசித் தரவில் இறக்குவது மாணவருக்குப் பெருஞ்செலவு. ஆகவே பென் டிரைவில் ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்குகின்றோம். வாங்கிய பிரதி எத்தனை கணினியைத் தொட்டு வந்ததோ யாருக்குத் தெரியும்? ஆயினும் இவ்வழக்கத்தை விட்டொழிக்க வேண்டியதில்லை. கோப்பை எவரிடமும் வாங்கலாம். 64 குறிகளை மட்டும் வெளியிட்டோரின் சொந்தத் தளத்திலிருந்து எடுத்து, எம் கணினியில் எண்ணிய தொகையோடு ஒப்பிட்டால் போதும். விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் இதற்குரிய கட்டளை உண்டு. சிறு கோப்பாயின் ஒரு நொடியில் முடியும். பெரிய இயங்குதளக் கோப்பாயினும் சில நிமிடங்களுக்கு மேற் செல்லாது. எமது சங்கத்தின் கணினி வகுப்பிலே தட்டச்சுக்கு அடுத்த பாடமாக இதனை வைக்கலாம் என்பது எமது விண்ணப்பம்.

சகோதரர்களே, எம்மை நம்பி ஒரு கணினியை ஒப்படைப்பவர் அதன் உள்ளே இருப்பதை அறியார். பாடசாலை அதிபர் அறியார். கூட்டுறவுச் சங்கத்துக் கணக்கர் அறியார். மருந்துச் சீட்டோடு வரிசையில் நிற்கும் கிழவி அறியாள். அவர்களுக்காகப் பார்ப்பவர் நாம். தொகை மாறிய அந்த வேளையிலே, அவர்களுக்கும் ஆபத்துக்கும் இடையே நிற்பது எம் விரல் ஒன்றே. பொத்தானை அழுத்துமுன் ஏன் மாறியது என்று ஒருமுறை கேட்போமாக.